புதிய பாட்டைக் கேட்கும் பழைய காதுகள்

புது தில்லி: தில்லியில் 1990-ஆம் ஆண்டு உருவான 'இந்தியன் ஓஷன்' ராக் இசைக் குழு, ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2023-ஆம் ஆண்டில் 'தூ ஹை' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. 'நீ இருக்கிறாய்' என்பது அந்த ஹிந்திச் சொற்களின் பொருள். ஆனால், பழைய ரசிகர்கள் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், இருப்பவர்களைவிட இல்லாதவர்களைப் பற்றியே பேச்சு அதிகமாகிறது.

இல்லாதவர்கள் இருவர். தபேலா வாசித்துக்கொண்டே பாடிய அஸீம் சக்ரவர்த்தி 2009-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி தனது 52-ஆவது வயதில் காலமானார். அவருடன் சேர்ந்து குழுவைத் தொடங்கிய கிதார் கலைஞர் சுஸ்மித் சென் 2013-ஆம் ஆண்டில் விலகினார். 1991-இல் சேர்ந்த பேஸ் கிதார் கலைஞர் ராகுல் ராமும், 1994-இல் சேர்ந்த டிரம்ஸ் கலைஞர் அமித் கிலமும் மட்டுமே பழைய நால்வரில் எஞ்சி, புதிய ஆல்பத்திலும் இடம்பெற்றனர்.

ராகுல் ராம் 1963-இல் பிறந்தவர். கான்பூர் ஐஐடியில் வேதியியல் படித்துவிட்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியல் துறையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர். ஊர் திரும்பியதும் நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் பணியாற்றி, அதன் பிறகு முழுநேர இசைக்கு வந்தவர். அறுபது வயதில் அவர் கொண்டுவந்த ஆல்பத்தைக் கேட்டவர்களில் ஒரு சாரார், வாசிப்பில் குறையில்லை, ஒலிப்பதிவு துல்லியம், ஆனாலும் மனதில் நிற்கவில்லை என்கின்றனர். இன்னொரு சாரார் சற்றுக் கடுமையாக, இருவர் போன பிறகு குழுவின் பெயரை மாற்றியிருக்க வேண்டும் என்கின்றனர். மூன்றாவது சாரார் இளைஞர்கள். அவர்களுக்கு இந்தச் சர்ச்சையே விளங்குவதில்லை. அவர்கள் கேட்கத் தொடங்கியபோதே குழு இப்படித்தான் இருந்தது.

ஓர் ஆல்பத்தைப் பற்றிய இந்தக் கருத்து வேறுபாட்டுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல், யார் சொல்வது சரி என்று தீர்ப்புக் கூற முடியாது.

ராக்கா, ஹிந்துஸ்தானியா?: 1990-களின் தொடக்கத்தில் இந்தியக் கல்லூரி விழாக்களில் ராக் இசை என்றால் அது ஆங்கிலப் பாட்டுதான். டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்டு போன்ற மேலைநாட்டுக் குழுக்களின் பாடல்களை யார் அச்சு மாறாமல் வாசிக்கிறார்களோ அவர்களுக்கே கைதட்டல். அந்த மேடைகளில் தபேலாவுடன் ஒருவர் வந்து அமர்ந்ததும், கிதாரில் ராகச் சாயல் கேட்டதும் பலருக்குப் புதிராக இருந்தன. குழுவின் தொடக்ககால வாத்திய இசை ஒன்றின் பெயர் 'கோயிங் டு ஐடிஓ'. தில்லிவாசிகள் அன்றாடம் நெரிசலில் சிக்கித் தவிக்கும் ஐடிஓ சந்திப்பைத் தலைப்பாகக் கொண்ட ராக் இசையை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

முதல் ஆல்பம் 1993-இல் எச்எம்வி நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. அடுத்து வந்த 'டெசர்ட் ரெய்ன்' ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானதன்று. தெரு நாடகம் நடத்தியபோது 1989-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி தாக்கப்பட்டு, மறுநாள் இறந்த நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மியின் நினைவாக 'சஹ்மத்' அமைப்பு ஆண்டுதோறும் புத்தாண்டு நாளில் தில்லியில் நிகழ்ச்சி நடத்தி வந்தது. 1997-ஆம் ஆண்டு மண்டி ஹவுஸ் பகுதியில், ஜனவரிக் குளிரில், திறந்த வெளியில் இந்தியன் ஓஷன் வாசித்ததன் நேரடிப் பதிவே அந்த ஆல்பம். இந்தக் குழுவின் ரசிகர்கள் ஒலிநாடாவில் கேட்டுச் சேர்ந்த கூட்டத்தைவிட, மேடைக்கு முன் நின்று கேட்டுச் சேர்ந்த கூட்டம் என்பதற்கு அது ஒரு சான்று. புதிய ஆல்பம் வரும்போதெல்லாம் எழும் ஏமாற்றத்துக்கும் இதில் ஒரு காரணம் உண்டு. மேடையில் பலமுறை கேட்டுப் பழகிய பிறகே அவர்களது பழைய பாட்டுகள் ஆல்பத்துக்கு வந்தன. ரசிகர் ஒலிநாடாவை வாங்கும்போது பாட்டு ஏற்கெனவே அவருக்குத் தெரிந்த பாட்டு. இப்போதைய ஆல்பமோ முன்பின் அறியாத விருந்தாளியைப் போல வந்து நிற்கிறது.

அளவுகோலான 'கண்டீசா': 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் டைம்ஸ் மியூசிக் நிறுவனம் வெளியிட்ட 'கண்டீசா'தான் குழுவை நாடறியச் செய்தது. தலைப்புப் பாடல், கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவத் தேவாலயங்களில் வழிவழியாகப் பாடப்பட்டு வரும் வழிபாட்டுப் பாடல். இயேசுநாதர் பேசியதாகக் கருதப்படும் அரமேய மொழியின் ஒரு வடிவமான சிரியாக் மொழியில் அமைந்தது. வட இந்தியக் கல்லூரி மாணவர்கள் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல், கண்களை மூடிக்கொண்டு அதைக் குழுவோடு சேர்ந்து பாடினார்கள். ஏழு நிமிடத்துக்கும் அதிகமாக நீளும் ஒரு தேவாலயத் துதி, தில்லி ராக் ரசிகர்களின் தேசிய கீதம் போல ஆனது இந்திய இசை வரலாற்றில் விநோதமான நிகழ்வுகளில் ஒன்று.

அதே ஆல்பத்தில் உள்ள 'ஹில்லே லே' போஜ்புரிக் கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகளால் ஆனது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வளாகத்தில் இடதுசாரி மாணவர்கள் நடுவே புகழ்பெற்றிருந்த பாண்டே 1989-இல் இறந்தார். 'மா ரேவா' நர்மதைக் கரை மக்களின் நாட்டுப்பாடல். ரேவா என்பது அந்த ஆற்றின் இன்னொரு பெயர். ராகுல் ராம் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கொண்டுவந்த பாட்டு அது.

ஆல்பம் வெளிவந்த அதே ஆண்டு, அக்டோபர் 18-ஆம் தேதி, சர்தார் சரோவர் அணையின் கட்டுமானத்தைத் தொடர உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2017-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் தேதி, 138.68 மீட்டர் உயரத்துடன் அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆற்றை அன்னையாக வாழ்த்தும் பாட்டை 2000-இல் கேட்டவருக்கும் 2017-க்குப் பிறகு கேட்டவருக்கும் அது ஒரே பாட்டாக இருக்க வாய்ப்பில்லை. ஒலிநாடாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஆறுதான். பழைய பாட்டுக்குள் இப்படிக் கேட்பவரின் காலமும் சேர்ந்து படிந்துவிடுகிறது. விடுதி அறை, முதல் வேலை, பிரிந்துபோன நண்பன் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. வெளிவந்து ஒரு மாதமே ஆன பாட்டு இதனோடு எப்படிப் போட்டியிட முடியும்?

இதைச் சொல்வதால் பழைய ரசிகர்களின் குறையை வெறும் ஏக்கம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அவர்கள் சொல்வதில் காதால் சரிபார்க்கக்கூடிய உண்மை இருக்கிறது. அஸீமின் குரல் பயிற்சி பெற்ற மேடைப் பாடகரின் வழவழப்பான குரலன்று. தாளம் தட்டும் கையும் பாடும் வாயும் ஒரே ஆளுடையவை என்பதால், பாட்டு எங்கே நிற்கும், எங்கே பாயும் என்பதை அவரே தீர்மானித்தார். அவர் மறைந்த பிறகு அந்த இடத்துக்கு ஹிமான்ஷு ஜோஷி பாடகராகவும், துஹீன் சக்ரவர்த்தி தபேலா கலைஞராகவும் வந்தனர். ஒருவர் செய்த வேலைக்கு இருவர். நால்வர் குழு ஐவர் குழுவானது. இருவருமே தேர்ந்த கலைஞர்கள். ஆனால் இரண்டு பேர் ஒத்துப்போவது வேறு, ஒரே ஆள் தன்னோடு தானே ஒத்துப்போவது வேறு.

சுஸ்மித் சென்னின் கிதாரைப் பற்றியும் இப்படிச் சொல்லலாம். மேலைநாட்டு ராக் கிதார்க்காரர்களைப் போல ஸ்வரங்களை வேகமாகக் கொட்டுவது அவர் வழக்கமில்லை. ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்ப மீட்டி, ஆலாபனை போலச் சுற்றிச் சுற்றி வந்து மேலேறுவார். அவருக்குப் பிறகு 2013-இல் வந்த நிகில் ராவ் அந்தப் பாணியைப் போலி செய்யாமல் தன் வழியில் வாசித்தார். அது நேர்மையான முடிவு. அந்த நேர்மைக்காகவே அவர் பழைய ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் நேர்ந்தது.

வீட்டு முகவரியே தலைப்பு: குழுவின் முந்தைய ஆல்பங்கள் எப்படி வரவேற்கப்பட்டன என்பதும் கவனிக்கத்தக்கது. கரோல் பாக் பகுதியில் ஒரு பழைய பங்களாவில் 1997 முதல் இந்தியன் ஓஷன் ஒத்திகை பார்த்து வந்தது. அந்த வீட்டு முகவரியான '16/330 கஜூர் ரோடு' என்பதே அஸீம் மறைந்த பிறகு வந்த ஆல்பத்தின் பெயர். இறப்பதற்கு முன் அவர் பாடிப் பதிவு செய்திருந்த பாடல்கள் அதில் இருந்தன. 2010-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தொடங்கி, மாதம் ஒரு பாட்டாக ஏழு பாடல்களையும் இணையத்தில் இலவசமாக வெளியிட்டனர். வருமானம் கச்சேரிகளிலிருந்து வந்தால் போதும், பாட்டு மக்களிடம் போகட்டும் என்பது அவர்கள் கணக்கு. தில்லியில் இது முற்றிலும் புதியதன்று. 1991-இல் தொடங்கிய 'பரிக்கிரமா' என்ற ஆங்கில ராக் குழு, ஆல்பம் விற்பதையே விட்டுவிட்டுத் தன் பாடல்களை இணையத்தில் இலவசமாகத் தந்து வந்தது.

கஜூர் ரோடு ஆல்பத்துக்குக் கடுமையான விமர்சனம் பெரிதாக எழவில்லை. மறைந்தவரின் குரல், அதுவும் காசில்லாமல் வீடு தேடி வந்தது. அதில் குற்றம் காண யாருக்கு மனம் வரும்? அதே ஆண்டில் குழுவைப் பற்றி ஜெய்தீப் வர்மா இயக்கிய 'லீவிங் ஹோம்' ஆவணப்படமும் வெளிவந்து, அஸீமின் நினைவை மேலும் ஆழமாக்கியது.

நிஜமான விவாதம் 2014-இல் வந்த 'தண்டானு' ஆல்பத்தோடுதான் தொடங்கியது. ஏழு பாடல்களிலும் விருந்துக் கலைஞர்கள். சுபா முத்கல், சங்கர் மகாதேவன், விஸ்வமோகன் பட், கர்ஷ் காலே, விஷால் தத்லானி ஆகியோருடன் தமிழக ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமான கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும், கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் இளையவரான வயலின் கலைஞர் குமரேஷும் அதில் பங்கேற்றனர். பெரிய பெயர்கள், பெரிய இசை. ஆனால், விருந்தாளிகளின் கூட்டத்தில் வீட்டுக்காரரைக் காணோமே என்ற முணுமுணுப்பு பழைய ரசிகர்களிடம் எழுந்தது. அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது என்றே தோன்றுகிறது. வெளியாட்கள் யாரும் இல்லாத நால்வரின் நெருக்கமே 'கண்டீசா'வின் பலம். எனினும் மறுபக்கமும் உண்டு. இருவரை இழந்து நின்ற குழு, தன் புதிய முகத்தைத் தேடிக்கொள்ளும்வரை நண்பர்களைத் துணைக்கு அழைத்தது என்றும் அதைப் பார்க்கலாம். 'தூ ஹை' அந்தத் தேடலுக்கு ஒன்பது ஆண்டு அவகாசம் எடுத்துக்கொண்டு வந்த ஆல்பம்.

எது அசல் குழு?: 'பழைய ரசிகர்' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்தியன் ஓஷனுக்கு அத்தகைய ரசிகர்கள் ஒரே வகையினர் அல்லர். ஒலிநாடாக் காலத்தில் சேர்ந்தவர்கள் முதல் வகை. 1993 மும்பை குண்டுவெடிப்புகளைப் பற்றி அனுராக் கஷ்யப் எடுத்த 'பிளாக் ஃப்ரைடே' படத்தின் மூலம் வந்தவர்கள் அடுத்த வகை. அந்தப் படம் நீதிமன்றத் தடையால் 2007-இல்தான் திரைக்கு வந்தது. பாடல்களோ 2005-லேயே வெளியாகிவிட்டன. பியூஷ் மிஸ்ராவின் வரிகளில் அமைந்த 'பந்தே' பாட்டு படத்தை முந்திக்கொண்டு ஊரெல்லாம் ஒலித்தது. படத்தைப் பார்க்காமலேயே பாட்டால் அழுதவர்கள் அந்தத் தலைமுறையினர். பிறகு 2010-இல் 'பீப்லி லைவ்', 2015-இல் 'மசான்' என்று திரைப்படங்கள் வழியே மேலும் புதியவர்கள் வந்தனர். 'மசான்' படத்தின் ரயில் பாட்டை முதலில் கேட்டுவிட்டுக் குழுவைத் தேடி வந்த கல்லூரி மாணவருக்கு, நிகில் ராவின் கிதார்தான் அசல் கிதார். 2013-க்கு முந்தைய பதிவுகளைக் கேட்கும்போது அவருக்கு அதுவே வேறு குழுவாகப் படும்.

ஆக, ஒவ்வொருவரும் தாம் வந்து சேர்ந்த நாளில் கேட்ட ஒலியையே அசல் என்கின்றனர். அந்த நாளுக்குப் பிறகு வந்தது எல்லாம் அவர்களுக்குச் சரிவு. 2003-இல் கபீரின் வரிகளோடு 'ஜீனி' வந்தபோதே, 'கண்டீசா' போல இல்லை என்ற பேச்சு கிளம்பியது. அப்போது அஸீமும் இருந்தார், சுஸ்மித்தும் இருந்தார்.

இன்றைய கேள்விமுறையும் இந்தக் குழுவுக்குச் சாதகமாக இல்லை. ஒலிநாடா வாங்கியவர் காசு கொடுத்த குற்றத்துக்காகவாவது பத்து முறை கேட்பார். மூன்றாவது முறையில் பிடிக்காத பாட்டு ஏழாவது முறையில் பிடித்துப்போகும். இப்போது கைப்பேசியில் விரல் நுனியில் கோடிக்கணக்கான பாடல்கள். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை சேவையில், ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. இந்தியன் ஓஷனின் பல பாடல்களில் 30 விநாடிக்குள் குரலே வருவதில்லை. பேஸ் கிதார் மெல்ல நடை போட, தபேலா வந்து சேர, பிறகுதான் பாட்டு. ஓராண்டில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகை இல்லை என்ற விதியையும் அந்த நிறுவனம் 2024-இல் கொண்டுவந்தது. புகழ்பெற்ற குழுவுக்கு இது பெரிய தடையன்று. ஆனால், அதே தில்லியில் இன்று ஒத்திகை அறை தேடி அலையும் புதிய குழுவுக்கு அந்த ஆயிரம் ஒரு மலை.

இருபது ஆண்டுக்குப் பிறகு தீர்ப்பு: கேட்பவர்களின் தீர்ப்பு உடனே வந்துவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கொல்கத்தாவில் 1970-களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய தொடங்கிய 'மொஹீனேர் கோராகுலி' குழு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஜீவனானந்த தாஸின் கவிதையிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட அந்த வங்காள ராக் குழு, 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்டது. அன்றைய கேட்பவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1981-இல் குழு கலைந்தது. 1995-இல் கௌதம், இளம் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தபோதுதான் வங்காளம் விழித்துக்கொண்டது. அவர் 1999-இல் மறைந்தார். அவரது பாட்டு ஒன்றின் மெட்டு, 2006-இல் 'கேங்ஸ்டர்' என்ற ஹிந்திப் படத்தில் 'பீகி பீகி'யாக ஒலித்து நாடெங்கும் பரவியபோது அதைக் கேட்க அவர் இல்லை. 1977-இல் அந்த இசையைப் புரியாத முயற்சி என்று ஒதுக்கிய காதுகளும், 1995-இல் தலையில் வைத்துக் கொண்டாடிய காதுகளும் ஒரே நகரத்தைச் சேர்ந்தவைதான்.

இதனால் 'தூ ஹை' ஆல்பத்துக்கும் ஒருநாள் அப்படி ஒரு வாழ்வு வரும் என்று ஜோதிடம் சொல்ல முடியாது. 'கண்டீசா'வின் உயரத்தை அது தொடவில்லை என்பதே நடுநிலையான கணிப்பாக இருக்கும். ஆனால் அறுபதைத் தொட்ட கலைஞர் ஒருவர், பழைய ஏழு பாட்டுகளை மட்டுமே வாசித்துக் கொண்டு ஊர் ஊராகப் போனாலும் அரங்கம் நிறையும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், புதிய பாட்டு எழுத உட்கார்ந்திருக்கிறார். அதில் உள்ள துணிவை, நன்றாக இல்லை என்று சொல்பவர்களும் ஒப்புக்கொள்கின்றனர்.

கச்சேரிகளில் நடப்பது வேறு விதம். அங்கே புதிய பாட்டு வரும்போது பின்வரிசையில் பேச்சுச் சத்தம் கேட்கும். 'மா ரேவா' தொடங்கினால் அடங்கும். கடைசியில் 'கண்டீசா' என்ற கூச்சல் எழும். குழுவும் மறுப்பதில்லை. அந்த ஆல்பம் வெளிவந்த பிறகு அஸீம் அதை மேடையில் பாடியது பத்து ஆண்டுக்கும் குறைவான காலமே. 2010-இல் சேர்ந்த ஹிமான்ஷு ஜோஷி, 'தூ ஹை' வெளிவந்தபோது அதைப் பாடத் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்வரிசையில் நின்று அவரோடு சேர்ந்து பாடும் இளைஞர்களில் பலர், 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள்.